நான்காவது சுற்று

என் கேமராவைக் கறுப்புத் துணி டேப்பால் மூன்று சுற்று சுற்றியிருக்கிறேன். கல்யாண வீடுகளில், "கேமராவுக்கு மாவுக்கட்டாண்ணே?" என்பார்கள். கீறல் விழக் கூடாதல்லவா என்பேன், ஊக்கு குத்திய செருப்போடு நின்றுகொண்டு.

இன்று ஷட்டர் சிக்கிக்கொண்டது. மெக்கானிக் இருதயராஜ் பிளேடை எடுத்தார். "டேப்பைப் பிச்சாத்தான் திருகாணி தெரியும்."

"பிக்கக் கூடாது."

"உள்ள தங்கமா வச்சிருக்கீங்க?"

உள்ளே இருப்பதே ஒரு கீறல்தான். நான்கு வயதில் என் மகள் நிவேதா ஆணியால் 'அபா' என்று எழுதியது. ஒரு 'ப்' குறைச்சல். டேப்பைப் பிய்த்தால் பெயிண்டோடு அதுவும் உரிந்து வந்துவிடும். இப்போது அவள் பிழையில்லாமல் எழுதுவாள், எனக்குத்தான் எழுதுவதில்லை.

"நாளைக்கு முகூர்த்தம்னீங்களே, தலைவரே?"

"வேற கேமரா கெடைக்கும்ணே" என்று என்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவரிடமே டேப் கேட்டு, நான்காவது சுற்றையும் சுற்றினேன்.