குறுக்குச் சட்டம்

ரெக்ஸன் தன் கையாலேயே கட்டிவந்த பாய்ப்படகின் இரண்டு ஓடங்களும் கொல்லையில் அருகருகே கிடந்தன. அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டம்தான் பாக்கி. அலுமினியக் குழாயையும் தேக்கையும் கற்கள்மேல் வைத்து ஏறி நின்று பார்த்தான். குழாய் சத்தமில்லாமல் வளைந்தது. தேக்கு முனகியது.

அவன் மனைவி ஜெனோவா பின்வாசலில் நின்றாள். நடுக்கடலில் அலுமினியச் சட்டம் முறிந்து தன் தம்பியின் படகு இரண்டாகப் பிரிந்ததிலிருந்து அவள் கடற்கரைக்கே போவதில்லை.

"மரத்தையே போடுங்க. முறியதுக்கு முந்தி சத்தமாவது குடுக்கும்."

"பாரமாச்சே. ஓட்டம் கொறஞ்சிரும்."

"நாம மெதுவாப் போனாப் போதும்."

'நாம' என்றா சொன்னாள்? திருப்பிக் கேட்க ரெக்ஸனுக்குத் துணிவு வரவில்லை. தேக்கிலிருந்து இறங்கி, உளியை எடுத்தான்.