சனிக்கிழமை பீபர்

"புதன்கிழமை அந்த ஒஃபிசர் நேரிலை வந்து பார்க்கப்போறாராம், புஷ்பம். இஞ்சை பீபர் ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சால் என்ரை கதை முடிஞ்சுது," என்றான் அலோசியஸ்.

ஆற்றங்கரைப் புல்லில் அமர்ந்து, கொண்டுவந்த ரோல்ஸைப் பிரித்துக்கொண்டிருந்த புஷ்பமலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லையோ? அப்ப அந்த மரத்தை ஆர் கடிச்சது?"

"நான்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் ரோல்ஸ் புரையேறியது. அவன்தான் முதுகில் தட்டிவிட்டான்.

இருவருக்கும் ஊரில் நிச்சயமாகியிருந்தது. அவன் தொண்ணூற்றொன்றில் ஜெர்மனிக்கு வந்தான்; அவள் இரண்டு வருடம் கழித்து வந்தாள். அரசு அவளை அடுத்த மாவட்டத்து அகதி விடுதியில் கொண்டுபோய் இருத்தியது. ஆற்றோடு நடந்தால் பதினெட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் அகதி வழக்கு முடியும்வரை அனுமதித் தாள் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். கல்யாணத்தைப் பதியலாமென்றால் ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவேண்டும். யுத்தத்துக்குள் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நிச்சயித்த பெண்ணைப் பார்க்கவேண்டுமென்று அவன் கொடுத்த மூன்று விண்ணப்பங்களும் திரும்பி வந்துவிட்டன. அலுவலகத்துக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை.

அந்த வருட வசந்தத்தில் நகரசபை அவனை ஹெல்விக் அம்மையாரிடம் உதவிக்கு அனுப்பியது. ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. பல்லால் மரத்தை அரிந்து வீழ்த்தி, அணை கட்டி வாழும் பிராணி பீபர். ஒருகாலத்தில் வேட்டையாடியே தீர்த்துவிட்ட அந்த இனத்தை மறுபடி கொண்டுவந்து ஆற்றில் விட்டிருந்தார்கள். அவை எங்கே இருக்கின்றன, குட்டி போட்டனவா, எத்தனை மரம் அரிந்தன என்று பார்த்து எழுதுவது அம்மையாரின் பொறுப்பு. அலோசியஸ் சேற்றில் கால்தடம் பார்க்கப் பழகினான். பென்சில் சீவியது போல் கூராக நிற்கும் அடிக்கட்டைகளை எண்ணப் பழகினான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தான் இருந்த விடுதியின் காவலாளியிடம் ஓர் உளியை இரவல் வாங்கினான். ஒருநாள் துணிந்து எல்லை தாண்டிப் போய், புஷ்பமலரின் விடுதிக்குக் கிட்ட நின்ற ஒரு வில்லோ மரத்தைச் சுற்றிவரச் செதுக்கினான். பிறகு அம்மையாரிடம் வந்து, கரையோரமாக நடந்து வழி தவறிவிட்டேன், ஆற்றின் கீழ்ப்பக்கமும் ஒரு மரம் கடிபட்டிருக்கிறது என்று தடுமாறியபடி சொன்னான்.

அம்மையார் தனியே போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பீபர்கள் கீழ்நோக்கிப் பரவுகின்றன, வாராவாரம் கண்காணிக்க அலோசியஸ் அவசியம் தேவை என்று அலுவலகத்துக்கு எழுதினார். பெண்ணுக்குக் கிடைக்காத அனுமதி பீபருக்கு ஒரே கிழமையில் கிடைத்தது. மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வந்தான். குறிப்பேட்டில் மட்டும் பொய் எழுத மனம் வரவில்லை. "இன்றும் பீபரைக் காணவில்லை" என்றே எழுதினான். அதுவே வினையாகிவிட்டது. காணாத பிராணிக்கு எதற்கு அனுமதி என்று அதிகாரி கேட்டிருந்தார்.

சிரித்து ஓய்ந்ததும் புஷ்பமலரின் முகம் மாறியது.

"அந்த மனிசி உங்களை நம்பிக் கையெழுத்து வைச்சவ. அவவைத் தலைகுனிய வைச்சுப்போட்டு நாங்கள் சந்தோசமா இருக்க ஏலாது. ஒஃபிசர் வரமுதல் போய் உண்மையைச் சொல்லுங்கோ."

"சொன்னால் இனி உம்மைப் பார்க்க வர ஏலாது."

"பரவாயில்லை, சொல்லுங்கோ," என்றாள். மிச்ச ரோல்ஸை அவன் கொண்டுபோகவென்று சுற்றிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவன் போனான். அம்மையார் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவசரமாக எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தார். எதுவானாலும் புதன்கிழமை பேசலாம் என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை அதிகாரி, அம்மையார், அலோசியஸ் மூவரும் கரையில் நடந்தார்கள். அலோசியஸின் கால் சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தபோது, முன்னால் போன அதிகாரி நின்று கைகாட்டிக் கூப்பிட்டார்.

நான்கு மரங்கள். நான்கும் புதிதாய் அரியப்பட்டு, சுற்றிலும் வெள்ளைச் சிராய்கள் சிதறிக் கிடந்தன. ஒன்று ஆற்றுக்குள்ளேயே சாய்ந்திருந்தது. அலோசியஸ் கண்ணைக் கசக்கிப் பார்த்தான். அவன் தொட்டது ஒரே ஒரு மரத்தைத்தான்.

அதிகாரிக்கு மெத்தச் சந்தோஷம். மகளுக்குக் காட்டவென்று ஒரு சிராயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அனுமதியை ஒரு வருடத்துக்கு நீட்டி, அங்கேயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மடு மாதாவே," என்று அலோசியஸ் சிலுவை போட்டுக்கொண்டான். உண்மையான பீபர் வந்துவிட்டது. இனி மறைத்து வைக்க நெஞ்சு பொறுக்கவில்லை. முதல் மரத்தைச் செதுக்கியது நான்தான் என்று அம்மையாரிடம் தலைகுனிந்து சொன்னான்.

அவர் அதிரவில்லை.

"எனக்கு எப்போதோ தெரியும். பீபரைக் காணவில்லை என்று எழுதிவிட்டு இவ்வளவு சந்தோஷமாகத் திரும்பி வருகிற ஆளை நான் கண்டதில்லை. அதோடு, உங்கள் மரம் நெஞ்சு உயரத்தில் கடிபட்டிருந்தது. அத்தனை உயரமான பீபர் உலகத்திலேயே இல்லை."

அவர் குனிந்து, சேறு காய்ந்திருந்த தன் முழங்கால்களைத் தடவிக்கொண்டார்.

"அதனால்தான் இந்த நான்கையும் நான் முழங்காலில் நின்று செதுக்கினேன்."