கடல் பக்கத்து அறை

"பொலன்னறுவையில ஆக நல்லது என்ன மச்சான்?"

வேனுக்குள்ளே, வெள்ளைக்காரர்கள் உட்காரும் பின் இருக்கையில் கால் நீட்டி இருந்துகொண்டு கேட்டேன்.

அவர் சவர்க்கார நுரையோடு கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கவே இல்லை.

"வாவிக்கரையில பெரிய மருத மரம் ஒண்டு நிக்கி. நல்ல நிழல்."

எனக்கு வயிறு எரிந்தது. அந்த நிழலில் யாரோடு இருந்தாரோ.

கல்யாணம் முடித்து ஆரையம்பதிக்கு, என் வீட்டுக்கு, வந்த காலத்திலிருந்து என் கணவருக்கு இந்த வேன்தான் தொழில். பாசிக்குடா ஹோட்டல்களில் வந்து இறங்கும் வெள்ளைக்காரச் சோடிகளை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுவார். பொலன்னறுவை, சிகிரியா, கண்டி, காலிக் கோட்டை, மிரிஸ்ஸக் கடற்கரை.

என்னை ஏற்றிக்கொண்டு போன ஆகத் தூரமான இடம் அரை மணித் தூரத்து அமிர்தகழி. அதுவும் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு, வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு.

இந்த முறை கேட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், கடைசியில் பேசாமலே இருந்து சம்மதம் வாங்கினேன். பிள்ளைகளை அம்மா பார்ப்பா. நாங்கள் இருவர் மட்டும். அந்தச் சோடிகள் போன அதே வழி, அவர்கள் தங்கிய அதே இடங்கள். ஒரு தடவையாவது இந்த மனிதர் முழுக்க எனக்கென்று இருக்க வேண்டும்.

அவருடைய போன் என் கையில் இருந்தது. பாதை பார்க்கத்தான் வாங்கினேன். படங்களைப் பார்த்தேன்.

ஒருத்தி காலிக் கோட்டை மதிலில் இருந்து சிரிக்கிறாள். புருஷன் பக்கத்திலேயே இருக்கிறான். ஆனால் அவள் சிரிப்பது படம் எடுப்பவரைப் பார்த்து. படம் எடுத்தவர் என் கணவர்.

ஊருக்குப் போய் அதை அனுப்பியவள், கீழே 'துசா' என்று எழுதி ஓர் இதயத்தையும் போட்டிருந்தாள்.

அவர் பெயர் துசாந்தன். எனக்கு மாமா மகன், அதனால் பிறந்ததிலிருந்து மச்சான். இன்றுவரை அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. எங்கிருந்தோ வந்தவள் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிறாள்.

"சிகிரியா மலையில, அந்தச் சுவருல படமாக் கீறின பொம்பிளைகள் எப்படி மச்சான்?"

"வடிவெண்டுதான் சொல்றாங்க."

சொல்கிறார்களாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராக்கும்.

"கண்டியில?"

"பெரஹரா ஊர்வலக் காலத்தில சரியான சனம். நேரத்தோட போயிரணும்."

"காலியில அவங்க தங்குற அந்தக் கடல் பக்கத்து ரூம்?"

"அதுவும் நல்லமெண்டுதான் சொல்றாங்க."

சொல்லிவிட்டு டயர் பக்கம் குனிந்துகொண்டார். ஒளிக்க ஒன்றும் இல்லாத ஆள் ஏன் இப்படிப் பிடிகொடுக்காமல் பேச வேண்டும்? மரம் தெரிகிறது, சனம் தெரிகிறது, அறை மட்டும் யாரோ சொல்லித்தான் தெரியுமாம். என்னை என்ன பச்சைப் பிள்ளை என்று நினைத்துவிட்டாரா?

"அந்த ரூமையே எடுங்க. இப்பவே எடுங்க."

கை ஈரமாக இருந்ததால் போனை வேனின் முன்பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டுவிட்டு வந்து மறுபடியும் பின் இருக்கையில் இருந்தேன். காலியில் உள்ள அந்த ஹோட்டலிலிருந்து பேசியவர் மலையகத்துத் தமிழர். குரல் கேட்டதுமே இவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"எத்தன பேருங்கண்ணே?"

"வழமையான மாதிரித்தான். கப்பிள் ஒண்டு, கடல் பக்கம். டிரைவர் ஒராள்."

"டிரைவருக்கு அந்தச் சமையக்கட்டுக்குப் பின்னால உள்ள சின்ன ரூம் தானே?"

"ஓம், அது காணும், போதும்."

எனக்குத் தலை கொதித்தது. சோடியா? எங்கள் பயணத்திலும் ஒரு சோடியைக் கொண்டுவந்து ஏற்றப் போகிறாரா? ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். வாயையும் திறந்துவிட்டேன்.

பிறகு மனதுக்குள் ஆட்களை எண்ணினேன். நான். அவர். வேறு ஒருவரும் இல்லை.

"மச்சான்" என்றேன். "கடல் பக்கத்து ரூமில என்னோட ஆரு இருக்கப் போற?"

தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

"சிகிரியாவில மேல ஏறியிருக்கிங்களா?"

"இல்லகா. ஏறினா வேன ஆரு பாக்கிற?"

மருத மரத்து நிழல் யாருக்கு என்று அப்போதுதான் விளங்கியது. வேனுக்கு.

இத்தனை காலமும் அந்தப் பெண்களை நினைத்து எரிந்திருக்கிறேன். எரிச்சல் இப்போதும் தணியவில்லை. அவர்களோடு கைகோத்து மேலே ஏறிப்போன புருஷன்மார்மீதும், கடலைப் பார்த்துக்கொண்டு படுத்தவர்கள் எல்லார்மீதும், இவருக்காகவும் சேர்த்துப் பொறாமை வந்தது.

"கழுவினது காணும். வந்து இருங்க மச்சான்" என்றேன்.

இருக்கையில் நன்றாகத் தள்ளி இருந்து பக்கத்தில் இடம் விட்டேன்.

அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து, டிரைவர் பக்கத்து முன் கதவைத் திறந்தார்.