பதினைந்தாவது ஆள்

கட்டிங் மாஸ்டருக்குப் பின்னால் மூன்றே பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி அவருடைய மனைவி.

தையல் கூடத்தின் சங்கச் செயலாளர் தேர்தலுக்கு இந்த முறையைக் கொண்டுவந்ததே அவர்தான். போன தடவை ஓட்டு மூன்றாகச் சிதறியதில், பாதிப் பேருக்குக்கூடப் பிடிக்காத மெக்கானிக் ஜெயித்துவிட்டான். இனி அப்படி நடக்கக் கூடாது. அவரவருக்குப் பிடித்தவர் பின்னால் வரிசையாக நில்லுங்கள். யாருக்கும் பாதிக்கு மேல் தேறவில்லை என்றால் குட்டி வரிசையைக் கலைத்துவிடுவோம். அதில் இருந்தவர்கள் தங்கள் இரண்டாவது விருப்பத்தின் பின்னால் போகட்டும்.

“உங்களுக்குப் பிடிச்சவங்க தோத்தாலும் உங்க ஓட்டு வீணாப் போகாது” என்று ஒரு வாரமாக மிஷின் மிஷினாகப் போய்த் தொண்டை வற்றப் பேசினார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் உள்ளே எரிந்தது வேறு. மற்றவர்கள் மிஷின் நின்றுபோனால் அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். மாஸ்டரின் மனைவியுடைய மிஷின் லேசாக முனகினாலே மெக்கானிக் எண்ணெய் டப்பாவோடு ஆஜர். அவளும் சிரித்துத் தொலைப்பாள். மாஸ்டருக்குப் பொறாமையில் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

எண்ணி முடித்தார்கள். மெக்கானிக்குக்குப் பதினான்கு. பேக்கிங் அக்காவுக்குப் பதினொன்று. மாஸ்டருக்கு, அவரையும் சேர்த்து, நான்கு.

தோற்றது அவருக்கு வலிக்கவே இல்லை. நான்கு பேரும் அக்கா பக்கம் போனால் சரியாகப் பதினைந்து. அவன் ஒழிந்தான்.

இரண்டு பேர் அக்காவிடம் போனார்கள்.

மனைவி மெக்கானிக்கின் வரிசையை நோக்கி நடந்தாள்.

இத்தனை பேர் பார்க்க, அவன் பின்னால் போய் நிற்கப்போகிறாளா? மாஸ்டர் விழுந்தடித்து ஓடினார். அவளை முந்திக்கொண்டு போய், அந்த வரிசையின் கடைசியில் குறுக்கே நின்று மறித்தார்.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், அப்பால் இருந்த தன் மிஷினின் ஸ்விட்சை அணைத்தாள்.

“மிஷினை அணைக்காம வந்துட்டேன், அதான். நீங்க ஏங்க இங்க நிக்கிறீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அக்காவின் வரிசையில் போய் நின்றாள். அங்கே பதினான்கு ஆயிற்று.

மாஸ்டர் அவசரமாக ஒரு காலை எடுத்து வைத்தார். எண்ணிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் கையை நீட்டித் தடுத்தார். இரண்டாவது தடவை ஒரு வரிசையில் நின்றபிறகு மாறக் கூடாது. அதுவும் மாஸ்டர் போட்ட விதிதான்.

மெக்கானிக் ஓடி வந்து, தன் பதினைந்தாவது ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.