ஏற்கெனவே பதில் இருக்கிறது

புற்றுநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் இணைய மன்றத்தை நடத்துகிறவள் ரூபாவதி. ஒரே கேள்வியை இரண்டாம் முறை அனுமதிக்காத புது மென்பொருளை அதில் ஏற்றிய மறுநாளே, அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"நேத்து ஒரு பொண்ணு, 'நாளைக்கு முதல் கீமோ, பயமா இருக்கு, யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டிருக்கா. எங்களை யாரையும் பதில் போட விடாம எதுக்குய்யா பூட்டி வச்சீங்க?"

"அதே கேள்வி முன்னாடியே வந்திருக்கு மேடம். பழைய பதிலையே சாஃப்ட்வேர் காட்டிடும். உங்களுக்கும் வேலை மிச்சம்."

"என்ன பதில் காட்டுச்சுன்னு பாத்தியா?"

"பாத்தேனே. 'நான் இருக்கேன்மா, எப்ப வேணும்னாலும் மெசேஜ் பண்ணு'ன்னு வளர்மதின்னு ஒருத்தங்க போட்டிருக்காங்க. நல்ல பதில்தானே மேடம்?"

"நல்ல பதில்தான். நேத்து பூரா அந்தப் பொண்ணு வளர்மதிக்கே மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. வளர்மதி செத்து ரெண்டு வருஷம் ஆச்சுடா!"