ஆமை இல்லாத ஓடை

"ஆமையா? இந்த ஊர்லயா?" கடைக்கார வெர்னன் கல்லாவைத் துடைத்தபடியே கேட்டார். "நாப்பது வருஷமா இங்கதான் குப்பை கொட்டறேன் மேடம். ஒண்ணக்கூடக் கண்ணால பாத்ததில்ல."

ஒடெட் டீச்சர் குறித்துக்கொண்டார். காலையிலிருந்து இதைச் சொல்லும் மூன்றாவது ஆள் இவர். தபால் ஆபீஸ் பெண்மணியும் சரி, வேலி அடித்துக்கொண்டிருந்தவரும் சரி, ஆமையே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

முப்பத்துநாலு வருஷம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர் ஒடெட். இப்போது மாகாணத்தின் இளம் இயற்கைக் காவலர் விருதுக்கு ஒரு நடுவர். இறுதிப் பட்டியலில் இந்த ஊர் ஜோலின் ஹேச்சியின் பெயர் இருந்தது. பதினாறு வயதுப் பெண். ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நாலு வருஷமாக ஓடைக்கரையில் அரிய ஆமைகளின் முட்டைகளுக்குக் காவல் இருக்கிறாளாம். விண்ணப்பத்தில் ஒரு படம் கூட இல்லை.

விசாரிக்கத்தான் மாகாணத் தலைநகரான ஹாலிஃபாக்ஸிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார்.

ஜோலின் வீட்டு முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். விருது என்றதுமே முகம் வெளுத்துவிட்டது.

தான் விண்ணப்பமே போடவில்லை என்றாள். பள்ளிக்குப் புதிதாக வந்த சயின்ஸ் சார், பிள்ளைகள் பேசியது காதில் விழுந்து, அவராகவே அனுப்பிவிட்டாராம்.

"அப்ப அதுல இருக்கறது பொய்யா?"

ஜோலின் குனிந்து இன்னொரு விறகை எடுத்தாள். "ஆமான்னே வெச்சுக்கங்க மேடம்."

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. இந்த விருதோடு கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. அதற்காக எதையும் எழுதத் துணிந்துவிட்டார்கள் என்று தோன்றியது. நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஊர் எல்லையில் சரளை ரோட்டின் குறுக்கே ஒரு வண்டி நின்றிருந்தது. ரோட்டில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். வெர்னன். இரண்டு கையிலும் ஏந்தியிருந்தது ஓர் ஆமை. மரத்தில் செதுக்கி எடுத்தாற்போல் ஓடு.

அவர் அவசரப்படவில்லை. அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ரோட்டைக் கடந்து, புல்லில் விட்டார். பிறகுதான் டீச்சரைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா," என்றார்.

பிறகு மறைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காரர் வந்து பிள்ளைகளை மெச்சிப் படம் போட்டார். படத்தில் பின்னால் பாலம் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. அடுத்த வாரம் மீன் பிடிக்க வந்தாற்போல் இரண்டு பேர் வந்து, முப்பத்தோரு ஆமையைச் சாக்கில் கட்டிக் கொண்டு போய்விட்டார்கள். வெளிநாட்டில் வளர்க்கிறவர்களுக்கு விற்கிறதாம்.

"அந்தப் படத்துக்கு நின்னது ஜோலின். ஒரு மாசம் சரியாச் சாப்பிடல. இப்ப பொரியற குஞ்சு வளந்து முட்டை வைக்கிறதுக்குள்ள அவளுக்கு வயசு முப்பது ஆயிடும் மேடம். அதான் ஊர்ல எல்லாருமாக் கூடிப் பேசி, யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லிடறோம்."

"நான் அவ பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன்."

"ஊர் பேரோட பட்டியல் போன வாரமே வெளிய வந்துடுச்சே. முந்தாநேத்தே ஒருத்தன் வந்து ஓடைக்கு வழி கேட்டான். பேரை எடுத்தா மட்டும் விட்டுடுவானா?"

டீச்சர் வண்டியைத் திருப்பினார்.

ஜோலின் இன்னும் விறகைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தாள். தனக்குத் தோன்றிய ஒரே வழியை டீச்சர் அவளிடம் சொன்னார். சொல்லவே சங்கடமாக இருந்தது.

"ஆனா உன் பேர் கெட்டுப் போயிடும்மா. உதவித்தொகையும் போயிடும்."

"என் பேர்தானே மேடம்," என்றாள் ஜோலின். "போடுங்க."

மறுநாள் டீச்சர் அறிக்கை எழுதினார். கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய பிள்ளைகளுக்கு முட்டை மார்க் போட்டே பழகியவர். பார்த்ததை இல்லையென்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போடுமுன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

'நேரில் சென்று ஆய்வு செய்தேன். இந்த ஓடையில் ஆமைகளே இல்லை. விண்ணப்பம் ஆதாரமற்றது. தள்ளுபடி செய்யப்படுகிறது.'

மற்ற நடுவர்கள் மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அறிக்கையை இணையத்தில் பட்டியலுக்குக் கீழேயே வெளியிடச் சொன்னார் டீச்சர். முத்திரை வைத்த பிரதி ஒன்று ஜோலினுக்குப் போயிற்று. விருது வேறொரு ஊர்ப் பையனுக்குப் போயிற்று.

மேடையில் அவனுக்குப் பதக்கம் போட்டதே ஒடெட் டீச்சர்தான். கை தட்டும்போது மனசு அங்கே இல்லை.

செப்டம்பரில் வெர்னன் போன் செய்தார். இந்த வருஷம் நாற்பத்துநாலு குஞ்சு பொரிந்து, தண்ணீரில் இறங்கிவிட்டதாம்.

"அந்த லெட்டர் பாத்து ஜோலின் வருத்தப்பட்டாளா?" டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதக் கண்ணாடிச் சட்டம் போட்டு, என் கடையில கல்லாவுக்கு மேல அவளே மாட்டிட்டா மேடம். நேத்து ரெண்டு பேர் சாக்கும் கையுமா வந்தாங்க. நின்னு படிச்சாங்க. ஆளுக்கொரு காபி குடிச்சுட்டு, வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்க."