ஒரே எட்டு மணி

ஒரு தீவின் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் இரண்டு ரயில் நிலையக் கடிகாரங்கள் இருந்தன. கிழக்கில் சூரியன் முன்னதாக உதிப்பதால், கிழக்குக் கடிகாரம் அரை மணி முந்தி ஓடியது.

இரு கரையிலிருந்தும் எட்டு மணிக்குக் கிளம்பும் ரயில்கள், இரட்டைத் தண்டவாளம் உள்ள மலை நிலையத்தில் ஒன்றையொன்று கடக்க வேண்டும். முதல் நாளே அரை மணி முன்னதாகக் கிளம்பிவிட்ட கிழக்கு ரயில் மலையைத் தாண்டிப் போய்விட்டது. மலைக்கு அப்பால், ஒற்றைத் தண்டவாளப் பாலத்தின் மேல் இரண்டும் நேருக்கு நேர் வந்து, ஒரு முழ இடைவெளியில் நின்றன.

தந்திக் கம்பி வழியே இரு கடிகாரங்களுக்கும் சண்டை மூண்டது.

"சூரியனை முதலில் பார்ப்பது நான்!" என்றது கிழக்கு.

"என் தலைக்கு மேல் வந்தால்தான் எனக்கு உச்சிவேளை!" என்றது மேற்கு.

மலை நிலையத்துச் சின்னக் கடிகாரம் குறுக்கிட்டது. "கிழக்கு அண்ணே, ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான். ஆனா அந்தப் பாலத்துல முந்நூறு பேர் இருந்தாங்க. நீங்க கால் மணி பின்னால வாங்க, அவர் கால் மணி முன்னால வரட்டும்."

 கிழக்குக் கடிகாரம் தன் பெரிய முள்ளை மெல்லப் பின்னுக்கு இழுத்தது. மேற்கு உடனே முன்னுக்குத் தள்ளியது.

மறுநாள் காலை மூன்று கடிகாரங்களும் சேர்ந்தாற்போல் எட்டு அடித்தன. மலை நிலையத்தில் இரண்டு ரயில்களும் ஊதிக்கொண்டே பக்கம் பக்கமாகக் கடந்தபோது, ஜன்னல்தோறும் பயணிகள் கைநீட்டி ஒருவரையொருவர் தொட்டுக் கூவினார்கள்.